சிவாஜி நடிப்பு ‘ஓவர்’தானா? கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பதில் தெரியும்!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். நடுவில் 20 விநாடிக்கு ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ. கண்கள் உருள, கன்னம் துடிக்க, உதடு நடுங்க ஒருத்தர் வசனம் பேசுகிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். ‘யப்பா, எவ்ளோ ஓவர் ஆக்டிங்’ என்று ஒரு கமென்ட். நீங்களும் ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்த 20 விநாடிக்காரர் சிவாஜி கணேசன். உங்கள் தாத்தா, பாட்டிக்கு அவர் ‘நடிகர் திலகம்’. உங்களில் பல பேருக்கு அவர் ஒரு மீம் டெம்ப்ளேட். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கலைஞன் நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இந்தக் கட்டுரை. அவர் யார், எங்கிருந்து வந்தார், ஏன் அப்படி நடித்தார், எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்... எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறோம்.

நீங்கள் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கமோ, கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள அடிவார ஊர்களிலோ இருப்பவராக இருந்தால், இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட உங்களுக்கு ஒரு படி கூடுதல் வசதி இருக்கிறது. காரணம், தெருக்கூத்து. திருவிழாவில் விடிய விடிய கூத்து பார்த்தவர்களுக்கு சிவாஜியைப் புரிய வைப்பது ரொம்ப சுலபம். எப்படி என்று பின்னால் பார்ப்போம். முதலில் அடிப்படைத் தகவல்கள்.

ஒரே பார்வையில்...

இயற்பெயர்: கணேசன்
பிறப்பு: 1928 அக்டோபர் 1, விழுப்புரம்
பெற்றோர்: சின்னையா மன்றாயர், ராஜாமணி அம்மாள்
முதல் படம்: பராசக்தி (1952)
100-வது படம்: நவராத்திரி (1964)
மொத்தப் படங்கள்: 280-க்கும் மேல்
மனைவி: கமலா
திரையில் வாரிசுகள்: மகன் பிரபு, பேரன் விக்ரம் பிரபு
மறைவு: 2001 ஜூலை 21, சென்னை

நம்ம மாவட்டத்துக்காரர்!

விழுப்புரம் என்றதும் ‘அது வேற மாவட்டமாச்சே’ என்று நினைக்க வேண்டாம். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த விழுப்புரம் மாவட்டமே 1993-ல்தான் உருவானது. அதற்கு முன்பு எல்லாம் தென்னார்க்காடுதான். அதே தென்னார்க்காட்டு மண்ணில்தான் கணேசனும் பிறந்தார்.

அப்பா சின்னையா ரயில்வே ஊழியர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். குடும்பம் பின்னர் திருச்சிக்கு வந்து சங்கிலியாண்டபுரத்தில் தங்கியது. அங்கேதான் சிறுவன் கணேசன் ஒரு கூத்தைப் பார்த்தான். வெள்ளையரை எதிர்த்த கட்டபொம்மனின் கதை. ‘இதே மாதிரி நாமும் நடிக்கணும்’ என்ற ஆசை அன்றைக்குப் பிடித்ததுதான். சிவாஜியே தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஊருக்கு நாடகக் கம்பெனி ஒன்று வந்தபோது, ‘எனக்கு அப்பா, அம்மா இல்லை’ என்று பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டான் அந்தச் சிறுவன். அப்போது வயது பத்தைக்கூடத் தொடவில்லை. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி அது. அந்தக் காலத்தில் இவற்றை ‘பாய்ஸ் கம்பெனி’ என்பார்கள். பெண் வேடம் உட்பட எல்லா வேடத்தையும் பையன்களே போடுவார்கள். கணேசனுக்குக் கிடைத்த முதல் முக்கிய வேடம் எது தெரியுமா? ராமாயணத்தில் சீதை!

பள்ளிக்கூடம் போகாதவனின் பல்கலைக்கழகம்

பாய்ஸ் கம்பெனி என்பது இன்றைய ஆக்டிங் ஒர்க்‌ஷாப் மாதிரி வார இறுதியில் இரண்டு மணி நேரம் நடக்கிற சமாசாரம் இல்லை. சாப்பாடு, தூக்கம், அடி, உதை, பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் அங்கேயேதான். ஒரு நாடகத்தில் ஒரு வேடம் மட்டும் தெரிந்தால் போதாது. யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் வேடத்தை அன்றைக்கு ராத்திரியே இன்னொருத்தர் போட வேண்டும். அதனால் எல்லாருடைய வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். எம்.ஆர்.ராதா, காக்கா ராதாகிருஷ்ணன் போன்றவர்களெல்லாம் இந்த உலகத்திலிருந்து வந்தவர்கள்தான்.

பின்னாளில் சிவாஜி பக்கம் பக்கமான வசனத்தைத் தடுமாறாமல் பேசினார் என்றால், அதன் விதை இங்கே விழுந்தது. ஒரு பெண்ணைப் போல நடப்பது, கிழவரைப் போல இருமுவது, ராஜாவைப் போல உட்காருவது என்று உடம்பைப் பழக்கியதும் இங்கேதான்.

கணேசன் எப்படி ‘சிவாஜி’ ஆனார்?

1940-களின் நடுப்பகுதி. அறிஞர் அண்ணா, ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்’ என்று ஒரு நாடகம் எழுதினார். மராட்டிய மன்னர் சிவாஜி வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் நடிக்க முடியாமல் போக, அந்த வாய்ப்பு கணேசனுக்கு வந்தது. நாடகத்தைப் பார்த்த பெரியார், ‘இனிமேல் இவர் சிவாஜி கணேசன்’ என்று மனம் திறந்து பாராட்டினார். ஒரு வேடத்தின் பெயர் ஒரு மனிதனின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவரை வெறும் கணேசன் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

அடுத்து சினிமா. வேலூரைச் சேர்ந்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள், சிவாஜியை மேடையில் நூர்ஜஹானாகப் பார்த்தவர். பெண் வேடம்தான். ஆனாலும், ‘என் படத்துக்கு இந்தப் பையன்தான் ஹீரோ’ என்று முடிவு செய்துவிட்டார். படத்தின் கூட்டுத் தயாரிப்பாளரான ஏவி.மெய்யப்ப செட்டியாருக்கு ஒல்லியான இந்தப் புதுமுகத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஆளை மாற்றலாமா என்கிற பேச்சே எழுந்தது. பெருமாள் அசையவில்லை.

1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17-ம் தேதி ‘பராசக்தி’ வெளியானது. மு.கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். அந்த நீதிமன்றக் காட்சி தமிழ் சினிமாவின் போக்கையே மாற்றியது. பாட்டுக்காகப் படம் பார்த்த கூட்டம், வசனத்துக்காகப் படம் பார்க்க ஆரம்பித்தது. அந்த வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துக் காட்டித்தான் பின்னாளில் எத்தனையோ பேர் நடிக்க வாய்ப்பு கேட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பெருமாள் அன்றைக்குப் பிடிவாதமாக நின்றதை சிவாஜி கடைசி வரை மறக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூர் போய் பெருமாளுக்கு மரியாதை செய்துவிட்டு வருவதை வழக்கமாகவே வைத்திருந்தார்.

ஹீரோன்னா நல்லவனாத்தான் இருக்கணுமா?

முதல் படமே சூப்பர் ஹிட். இன்றைய ஹீரோவாக இருந்தால் அடுத்து நாலு மாஸ் படம் பண்ணியிருப்பார். சிவாஜி என்ன செய்தார் தெரியுமா? 1953-ல் ‘திரும்பிப் பார்’ படத்தில் பெண்களை ஏமாற்றுகிறவராக வந்தார். 1954-ல் ‘அந்த நாள்’ படத்தில் தேசத்தைக் காட்டிக்கொடுப்பவராக நடித்தார். எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுக்கலாம் என்று முதலில் காட்டியது அதுதான்.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களை அவருடைய பொற்காலம் என்றே சொல்லலாம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘பாகப்பிரிவினை’ (1959), ‘பாசமலர்’ (1961), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘கர்ணன்’ (1964), ‘புதிய பறவை’ (1964), ‘திருவிளையாடல்’ (1965), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘தெய்வ மகன்’ (1969). இதில் ஏதாவது இரண்டு வேடங்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நடை ஒன்றாக இருக்காது. குரல் ஒன்றாக இருக்காது. ‘பாகப்பிரிவினை’யில் கை விளங்காத கிராமத்து ஆள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் கர்வம் பிடித்த நாதஸ்வர வித்வான். அந்த நாதஸ்வர இசை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. ஆனால், சிவாஜியின் விரலையும் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்தால் அவர் வாசிக்கவில்லை என்று நம்புவது கஷ்டம்.

‘தெய்வ மகன்’ படத்தில் அப்பா, இரண்டு மகன்கள் என மூன்று வேடம். கிராபிக்ஸ் எதுவும் இல்லாத காலத்தில், மூன்று பேரையும் ஒரே அறையில் நிறுத்தி மூன்று வேறு மனிதர்களாகக் காட்டியிருப்பார். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம் அதுதான்.

கட்டபொம்மன் மட்டும் தனிக் கதை. சிறுவயதில் கூத்தாகப் பார்த்த அதே கதையை முதலில் தன் நாடக மன்றத்தில் மேடையேற்றினார். பிறகு பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் படமானது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க - ஆசியத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் தன் சொந்தச் செலவில் சிலையும் வைத்தார். ஒரு கூத்து ஒரு சிறுவனுக்குள் போட்ட விதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.

சரி, ‘ஓவர்’ விஷயத்துக்கு வருவோம்

இப்போது உங்கள் ஊர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கும். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் துரியோதனன் வந்து நிற்பான். திரை விலகுவதற்கு முன்பே சலங்கைச் சத்தமும் குரலும் கூட்டத்தை நிமிர வைத்துவிடும். தலையில் மரக்கட்டைக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகம் முழுக்க அரிதாரம். ஏன் இவ்வளவு பெரிதாக?

கடைசியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் துரியோதனனின் கோபம் போய்ச் சேரணும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பாட்டிக்குக் கண்ணிமை துடிப்பது தெரியாது. ஆகவே, கண்ணுக்கு மை தீட்டிப் பெரிதாக்குகிறார்கள். முணுமுணுத்தால் கேட்காது. ஆகவே, அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கிறார்கள். கூத்துக்காரரைப் பார்த்து நாம் யாரும் ‘ஓவர் ஆக்டிங்’ என்று சொல்வதில்லை. அந்த இடத்துக்கு, அந்தத் தூரத்துக்கு அதுதான் சரியான அளவு.

சிவாஜி கற்றது இந்த அளவில்தான். மைக் வசதி பெரிதாக இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர். அவர் சினிமாவுக்கு வந்தபோதும் படம் பார்த்த கூட்டத்தில் பெரும்பகுதி டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தது. திரையில் கீறல், ஒலிபெருக்கியில் கரகரப்பு, பக்கத்தில் முறுக்கு விற்கிற சத்தம். இத்தனையையும் தாண்டி ஒரு சொல் போய்ச் சேர வேண்டும் என்றால், அதைச் செதுக்கித்தான் அனுப்ப வேண்டும்.

இப்போது அந்தக் காட்சி உங்கள் கையில் இருக்கிற ஆறு அங்குலத் திரைக்கு வந்திருக்கிறது. முகத்துக்கும் திரைக்கும் நடுவில் ஒரு அடி தூரம்கூட இல்லை. கூத்துக்காரரை அழைத்து வந்து உங்கள் வீட்டு ஹாலில், உங்கள் மூக்குக்கு நேராக நிறுத்திப் பேசச் சொன்னது போலத்தான் இது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 20 விநாடி என்பது இரண்டரை மணி நேரம் கட்டி எழுப்பிய ஒரு கட்டடத்தின் உச்சி. ‘பாசமலர்’ கிளைமாக்ஸை மட்டும் வெட்டிப் பார்த்தால் சிரிப்பு வரலாம். அண்ணன், தங்கை இருவரும் என்னவெல்லாம் இழந்து அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்தால் தொண்டை அடைக்கும். கர்ண மோட்சக் கூத்தில் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு யாராவது எழுந்து போவார்களா?

லண்டனிலும் இதே பஞ்சாயத்துதான்!

இது சிவாஜிக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் மிகப்பெரிய நடிகர்களில் ஒருவர் லாரன்ஸ் ஒலிவியர். 1907-ல் பிறந்தவர். அவரும் மேடையில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பெண் வேடம் போட்டவர். ஆமாம், நம் ஆள் சீதையாக நின்ற மாதிரியே!

1939-ல் ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்கிற ஹாலிவுட் படத்தில் நடிக்கப் போனபோது, இயக்குநர் வில்லியம் வைலர் அவரை மறுபடி மறுபடி நிறுத்தினார். காரணம், மேடைக்கு நடிப்பது போல கேமராவுக்கு முன்னாலும் பெரிதாக நடித்தார். ஒலிவியருக்கு முதலில் கோபம். பிறகு, சினிமா நடிப்பைத் தனக்குப் புரிய வைத்தவர் வைலர்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1948-ல் அவர் இயக்கி நடித்த ‘ஹேம்லட்’ சிறந்த படம், சிறந்த நடிகர் என ஆஸ்கர்களை அள்ளியது.

ஆனாலும் ஒலிவியர் தன் மேடையை விட்டுவிடவில்லை. 1965-ல் வந்த அவருடைய ‘ஒத்தெல்லோ’ படத்தைப் பார்த்தால், மேடையின் அதே பெரிய குரல், பெரிய கைவீச்சு எல்லாம் இருக்கும். முகத்தில் கறுப்பு மை பூசி அவர் அந்த வேடத்தைச் செய்தது இன்றைக்குக் கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. அதையும் சேர்த்துச் சொல்லித்தான் அங்கே பாடம் நடத்துகிறார்கள். ஆனால், ஒலிவியரை 20 விநாடியில் முடித்துவிடுவதில்லை.

அதே ‘ஒத்தெல்லோ’வை இரண்டு வருடம் முன்பே, 1963-ல் ‘இரத்தத் திலகம்’ படத்தில் ஒரு நாடகக் காட்சியாக சிவாஜியும் சாவித்திரியும் செய்துவிட்டார்கள். ஆங்கில வசனத்துக்கு முகமும் உடம்பும் கொடுத்து நம் ஆள் அங்கே நிற்கும் விதத்தைப் பாருங்கள். ‘சொர்க்கம்’ (1970) படத்தில் ஜூலியஸ் சீசர், ‘ராஜா ராணி’ (1956) படத்தில் சாக்ரடீஸ் என்று உலக மேடையைத் தமிழ்க் கொட்டகைக்குள் கொண்டுவந்தவர் அவர்.

குறைத்து நடித்த சிவாஜியைப் பார்த்திருக்கிறீர்களா?

‘சரிப்பா, மேடைக்காரர், அதனால பெருசா நடிச்சார். அப்போ சின்னதா நடிக்கத் தெரியாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இரண்டு படங்களில் இருக்கிறது.

முதலாவது, பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ (1985). கல்யாண வாழ்க்கையில் சந்தோஷத்தையே பார்க்காத ஒரு கிராமத்துப் பெரிய மனிதர். ராதா வருகிறார். மனசுக்குள் என்னமோ நடக்கிறது. வாய்விட்டுச் சொல்ல வயதும் ஊரும் விடவில்லை. அந்தத் தவிப்பை சிவாஜி கண்ணில் மட்டும் வைத்திருப்பார். சில இடங்களில் வெறும் சிரிப்பு, சில இடங்களில் வெறும் மௌனம். கட்டபொம்மனாக கர்ஜித்த அதே ஆளா என்று தோன்றும்.

இரண்டாவது, ‘தேவர் மகன்’ (1992). பெரிய தேவர் வேடம். படம் முழுக்க அவர் வருவதில்லை. ஆனால், அவர் இல்லாத காட்சியிலும் அவர் இருப்பது போலவே இருக்கும். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சியில் எதிரில் கமல்ஹாசன். தலைமுறை வேறு, நடிப்புப் பாணி வேறு. எங்கே குரலைத் தாழ்த்தணும், எங்கே நிறுத்தணும், எங்கே மகனைப் பார்க்காமல் தரையைப் பார்க்கணும் என்று சிவாஜி செய்வதைக் கவனியுங்கள். இதுவும் அதே பாய்ஸ் கம்பெனிப் பையன்தான். அளவை மட்டும் மாற்றியிருக்கிறார்.

அவரிடம் இருந்தது ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த கை. எந்த வேடத்துக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடணும். 280-க்கும் மேற்பட்ட படங்களில் எல்லாமே தங்கம் கிடையாது. குறிப்பாக, 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் வயதுக்குப் பொருந்தாத வேடங்கள், ஒரே அச்சில் வார்த்த கண்ணீர்க் கதைகள் நிறைய வந்தன. வேடம் சின்னதாக இருந்து நடிப்பு பெரிதாக இருந்த காட்சிகளும் உண்டு. அங்கே ‘ஓவர்’ என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வர மாட்டோம். அந்தப் படங்களை வைத்து மொத்த ஆளையும் எடை போடுவதுதான் தப்பு.

கிடைத்ததும் கிடைக்காததும்

1962-ல் அமெரிக்க அரசின் கலாசாரப் பரிமாற்றத் திட்டத்தில் அழைக்கப்பட்டு அங்கே போனார். அந்தப் பயணத்தில் நயாகரா நகரத்தின் ஒருநாள் கௌரவ மேயராக்கி மரியாதை செய்தார்கள். 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரான்ஸ் அரசின் செவாலியே விருது, 1996-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. தி.நகரில் அவர் வாழ்ந்த ‘அன்னை இல்லம்’ இருக்கிற சாலைக்கே இப்போது செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்றுதான் பெயர்.

ஒன்று மட்டும் வரவே இல்லை. சிறந்த நடிகருக்கான தேசிய விருது. ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவித்தார்கள். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 40 வருடம் நடித்தவருக்கு ஓர் ஆறுதல் பரிசு என்றால் யார்தான் வாங்குவார்கள்?

அரசியலும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தி.மு.க மேடைகளில் வளர்ந்தவர், 1950-களின் நடுவில் அங்கிருந்து விலகி, பின்னர் காமராஜரின் காங்கிரஸில் நின்றார். 1980-களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1988-ல் ‘தமிழக முன்னேற்ற முன்னணி’ என்று தனிக்கட்சி தொடங்கினார். 1989 சட்டமன்றத் தேர்தலில் திருவையாறு தொகுதியில் நின்று தோற்றார். திரையில் யார் வேண்டுமானாலும் ஆக முடிந்தவரால் தேர்தல் களத்தில் அரசியல்வாதியாக மட்டும் ஆக முடியவில்லை.

2001 ஜூலை 21 அன்று மறைந்தார். சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் 2006-ல் வைக்கப்பட்ட அவருடைய சிலை 2017-ல் அடையாறில் கட்டப்பட்ட மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. 2021 அக்டோபர் 1-ல் அவருடைய 93-வது பிறந்தநாளுக்கு கூகுள் தன் முகப்பில் டூடுல் போட்டது. அன்றைக்குத்தான் ‘யார் இவர்?’ என்று தேடிப் பார்த்த இளைஞர்கள் நிறைய பேர்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? ஆறு படங்கள், ஒரு வரிசை

கறுப்பு வெள்ளையில் நேராகக் குதிக்க வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் போங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு படம் போதும்.

1. தேவர் மகன் (1992): உங்களுக்குப் பழகிய சினிமா மொழி. பெரிய தேவர் வரும் காட்சிகளில் அவர் பேசாத நேரத்தில் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

2. முதல் மரியாதை (1985): இளையராஜாவின் பாடல்களுக்காகவே பார்க்கலாம். இதில் பாடல் எழுதியதற்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிவாஜியின் நடையைக் கவனியுங்கள். ஒரு கிராமத்து ஆள் வரப்பில் நடக்கிற நடை அது.

3. புதிய பறவை (1964): சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு. சஸ்பென்ஸ் பிரியர்களுக்கு. ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ (1958) என்கிற பிரிட்டிஷ் படத்தின் கதை, வங்காளம் வழியாகத் தமிழுக்கு வந்தது. யாராவது முடிவைச் சொல்வதற்குள் பார்த்துவிடுங்கள்.

4. தில்லானா மோகனாம்பாள் (1968): ஏ.பி.நாகராஜன் படம். ஒரு கலைஞனின் கர்வம், காதல், பொறாமை. பத்மினி, நாகேஷ், மனோரமா என்று எல்லாரும் போட்டி போட்டு நடித்திருப்பார்கள்.

5. நவராத்திரி (1964): 100-வது படம். ஒன்பது வேடம், ஒன்பது உணர்ச்சி. அதில் ஒரு வேடம் தெருக்கூத்துக் கலைஞர்! சாவித்திரியோடு சேர்ந்து சத்தியவான் சாவித்திரி கூத்து கட்டுவார். கூத்து பார்த்துப் பழகிய நீங்கள் அடவையும் குரலையும் பார்த்துவிட்டு மார்க் போடுங்கள். உங்கள் ஊர் வாத்தியாரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

6. கர்ணன் (1964): இதைக் கடைசியாக வையுங்கள். 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது, அரை நூற்றாண்டு கழித்தும் தியேட்டரில் 100 நாளைத் தாண்டி ஓடிய படம். கர்ண மோட்சம் கூத்தாகப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அதே கர்ணனை இங்கே கேமரா எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்க்கும்போது மூன்று விஷயம்:

- போனில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்செட் கட்டாயம். சிவாஜியின் பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. மூச்சு எங்கே விடுகிறார் என்பதுகூடக் கேட்க வேண்டும்.

- முடிந்தால் டி.வி-யில் போட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பெரிய நடிப்புக்குத் தூரம் வேண்டும்.

- வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதீர்கள். வசனத்துக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியும் நடிப்புதான்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் ஒரு படத்துக்காவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொட்டகையில் பார்த்தார்கள், எத்தனை மைல் நடந்து போனார்கள், எந்தக் காட்சியில் பக்கத்து ஆள் தேம்பினான் என்று அவர்கள் சொல்வது எந்த விமர்சனத்திலும் கிடைக்காது.

அடுத்த முறை ரீல்ஸில் அந்த 20 விநாடி வந்தால் சிரியுங்கள், தப்பே இல்லை. அப்புறம் படத்தின் பெயரைத் தேடி, முழுசாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ‘ஓவரா, இல்லையா?’ என்று அதற்குப் பிறகு கமென்ட் போடுங்கள்.